நோவு ஜாமீன்

காலையில் தணிகைவேலுவுக்குக் கழுத்து நொந்தது. அது அவருடைய கழுத்தின் நோவு அல்ல.

அப்போது அவர் கூடத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு, சோபாவில் சாய்ந்தபடி இட்லியைக் கெட்டிச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று உச்சந்தலையில் யாரோ ஈரமான சுமையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. சுமை கழுத்துக்கு இறங்கி, இரண்டு தோளிலும் பிரிந்து, இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் விட்டது. மறுபடியும் வந்தது. விட்டது, வந்தது. இட்லி கையை விட்டு நழுவிப் பனியனில் விழுந்தது.

"என்னாங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"யாரோ என் தலைமேல வீடு கட்றாங்கடி!"

அவர் வாழ்க்கையில் உண்மை சொன்ன சில தருணங்களில் அதுவும் ஒன்று. ஊருக்கு வெளியே புறவழிச்சாலை ஓரம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அன்று தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பூங்காவனம் என்ற சித்தாள் கான்கிரீட் சட்டியைத் தலையில் வைத்துச் சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். அவள் ஏறும்போது அவருக்கு நொந்தது. வெறும் சட்டியோடு இறங்கும்போது விட்டது.

அரசாங்க வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏமாற்றியவர்களால் ஜெயில் நிரம்பி வழிந்த காலம் அது. இடம் இல்லாதது ஒரு சங்கடம். அதைவிடப் பெரிய சங்கடம், உள்ளே போனவர்கள் சும்மா இருக்கவில்லை. கூட இருந்த கைதிகளின் பிள்ளைகளுக்கு அதே ஜெயிலில் வார்டன் வேலை வாங்கித் தருவதாக வசூலை ஆரம்பித்துவிட்டார்கள். அரசு யோசித்தது. குழு போட்டது. குழு வெளிநாடு போய்வந்தது. கடைசியில் ஒரு தகடு வந்தது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். ஏமாந்தவரின் பிடரியில் ஒன்று, ஏமாற்றியவரின் பிடரியில் ஒன்று. ஏமாந்தவரின் உடம்பு படுகிற பாடு அப்படியே ஏமாற்றியவரின் நரம்பில் போய் இறங்கும். பிடுங்கினால் ஸ்டேஷனில் மணியடிக்கும், ஜாமீன் ரத்து. தான் செய்ததன் வலி தெரிந்தால் மனிதன் திருந்துவான், எடுத்ததைத் திருப்பித் தருவான் என்பது குழுவின் கண்டுபிடிப்பு. 'பாதிப்புணர் பிணைத் திட்டம்' என்று அரசாணையில் பெயர். ஜனங்கள் அதை நோவு ஜாமீன் என்றார்கள்.

தணிகைவேலு நடத்தியது ஒரு பெரிய வேலை. நீர்த்தேக்கப் பராமரிப்புத் துறை என்று இல்லாத ஒரு துறைக்கு இளநிலை உதவியாளர்களை நியமித்தார். பச்சை மையில் கையெழுத்து, வட்ட முத்திரை, சேரும் தேதி, எல்லாம் உண்டு. பூங்காவனத்தின் மகள் பவித்ரா பி.ஏ. முடித்தவள். அந்த ஆர்டரை நெகிழிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, அதில் இருந்த முகவரிக்குப் புதுச் சுடிதாரில் போனாள். அங்கே ஒரு கோழித் தீவனக் கிடங்கு இருந்தது. காவலாளி ஆர்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, "உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போம்மா. ஒன்ன மாதிரி வர்றவங்களுக்குன்னே ஒரு கொடம் வெச்சிருக்கன்" என்றான்.

நாற்பத்தாறு பேர் புகார் கொடுத்தார்கள். யாரோடு இணைப்பது என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே தேர்ந்தெடுக்கலாம் என்று திட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. தணிகைவேலுவின் வக்கீல் ஆராவமுதன் புகார்களை ஒருநாள் முழுக்கப் படித்தார். லாரி டிரைவர் வேண்டாம், குவாரிக்காரர் வேண்டாம், மூல நோய்க்காரர் வேண்டவே வேண்டாம். பூங்காவனத்தின் பெயருக்கு எதிரே 'இல்லத்தரசி' என்று இருந்தது. ஸ்டேஷன் ரைட்டர் பொம்பளை என்றால் அதைக் கேட்டு எழுதுவதில்லை. கை தானாக எழுதிவிடும்.

"வீட்ல சீரியல் பாத்துக்கிட்டு இருக்கிற அம்மா சார். அதிகம் போனா முட்டி வலி" என்று ஆராவமுதன் அப்போது சொன்னார்.

அந்த முட்டி வலியைத்தான் தணிகைவேலு இப்போது தலையில் சுமந்துகொண்டிருந்தார்.

வெயில் ஏறுவதற்குள் அவர் காரை எடுத்துக்கொண்டு, அவள் வீட்டுப் பக்கம் விசாரித்து, மண்டபத்துக்குப் போய்விட்டார். பனியனை மாற்றவில்லை. மேலே ஒரு வெள்ளைச் சட்டை, அவ்வளவுதான்.

"பூங்காவனம் அம்மா! கொஞ்சம் கீழ எறங்குங்கம்மா!"

சாரத்தின் பாதியில் சட்டியோடு நின்றவள் திரும்பிப் பார்த்தாள். "யாரு? அடடே, வேல சாரு! இன்னா சார் இம்மாந்தூரம்? எம்பொண்ணு ஆர்டரக் கையோட எடுத்தாந்துட்டியா?"

வரிசையில் நின்ற சித்தாள்கள் சிரித்தார்கள்.

"எறங்கி ஒரு அஞ்சு நிமிசம் உக்காருங்கம்மா. உயிர் போவுது."

"யாருக்கு?"

"எனக்கு!"

பூங்காவனம் சட்டியைக் கொட்டிவிட்டு இறங்கி வந்தாள். தகட்டை அவள் நம்பியிருக்கவில்லை. மாட்டுக்குக் காதில் வில்லை அடிப்பதுபோல் முந்தின நாள்தான் ஸ்டேஷனில் வைத்து ஒட்டி அனுப்பியிருந்தார்கள். 'ஒட்டிக்கம்மா, சங்கிலி சீக்கிரம் வரும்' என்று பெண் போலீஸ் சொன்னதால் ஒட்டிக்கொண்டாள். இப்போது அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் முழங்கையை நன்றாக ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"ஆ!" என்று தணிகைவேலு துள்ளினார்.

"யக்கா, இன்னொருதரம் கிள்ளுக்கா! எம்பங்குக்கு ஒண்ணு!" என்று ஒருத்தி கத்தினாள்.

மேலேயிருந்து ஏழுமலை மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "ஏய், கலவ எறுகுது! நாடகத்த சோத்து வேளையில வெச்சிக்குங்க!"

தணிகைவேலு கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, இது மனுசங்க செய்யற வேலையா? தலைல இவ்ளோ பாரம்... வேணாம்மா. உங்க ஒடம்பு என்னத்துக்கு ஆவறது?"

"எனக்குக் கல்யாணம் ஆன மறுமாசத்துலருந்து தூக்கறன். அப்பல்லாம் எங்க சார் இருந்த? ஒருவேள கஞ்சி குடிக்கற நேரம்கூட நீ தூக்கல, அதுக்குள்ள உயிரு போவுதுன்ற." அவள் சும்மாட்டுத் துணியை உதறிச் சுருட்டினாள். "சரி, பேச்ச உடு. சங்கிலி எங்க?"

அதுதான் விஷயம். பூங்காவனத்திடம் ரொக்கம் இருந்ததில்லை. ஐந்து பவுனில் ஒரு சங்கிலி இருந்தது. கலவைத் தூசி படும் என்று வேலைக்குப் போட்டுக்கொண்டு போனதில்லை. விசேஷத்துக்குப் போட்டுக்கொண்டால் கண் படும் என்று பயம். மொத்தத்தில் கழுத்தில் போட்டதைவிடப் பெட்டியில் தொட்டுப் பார்த்ததுதான் அதிகம். தணிகைவேலு அதை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து, 'இது போதும்மா, மீதிய நான் போட்டுக்கறேன், உங்க பொண்ணு என் பொண்ணு மாதிரி' என்றிருந்தார்.

"சங்கிலி பத்திரமா இருக்கும்மா. கேஸ் முடிஞ்சதும் உங்க கைல..."

"அப்ப கேஸ் முடியற வரைக்கும் நான் தூக்கறன்" என்று சொல்லிவிட்டுப் பூங்காவனம் சட்டியை வாங்கிக்கொண்டு சாரத்தில் ஏறினாள். தணிகைவேலு மணல் குவியலில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

சங்கிலியைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாம். ஆராவமுதன் விடவில்லை. "ஒருத்தங்களுக்குக் குடுத்தா குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரி சார். மத்த நாப்பத்தஞ்சு பேரும் நாளைக்கு வாசல்ல நிப்பாங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க. நோவுதானே? கோர்ட்டுக்குப் போவோம்."

கோர்ட்டுக்குப் போனார்கள். ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனு. நீதிபதிக்கு முன்னால் இருந்த திரையில் தணிகைவேலுவின் நோவு சிவப்புக் கோடாக மலையும் பள்ளமுமாக ஓடியது. ஓரிடத்தில் கோடு திரையை விட்டே வெளியே போயிருந்தது.

"இது என்ன, மாரடைப்பா?" என்றார் நீதிபதி.

"இல்லைங்க ஐயா. அன்னைக்கு மத்தியானம் அந்த அம்மா ஜல்லி சுமந்திருக்காங்க" என்றார் ஆராவமுதன். பிறகு குரலை ஏற்றினார். "எந்த மனிதனாலும் தாங்க முடியாத வேதனை ஐயா இது. கண்ணியத்தோடு வாழும் உரிமை என் கட்சிக்காரருக்கும் உண்டு. எலும்பு மருத்துவரின் சான்றிதழ் இணைத்திருக்கிறேன். இந்தச் சுமை தொடர்ந்தால் அவர் முதுகுத்தண்டு நிரந்தரமாகப் பாதிக்கப்படும்."

"அந்த அம்மாள் தாங்குகிறார்களே?"

"அவங்களுக்கு அது பழக்கம் ஐயா. என் கட்சிக்காரருக்குப் பழக்கம் இல்லை. பழக்கம் இல்லாதவருக்கு நேர்ந்தால்தான் அது கொடுமை."

நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். அரசு வக்கீல் எழுந்து, "அரசுத் தரப்பில் ஆட்சேபணை இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தார். அவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

நீதிபதி கெட்டவர் இல்லை. கூண்டில் நின்ற பூங்காவனத்தைப் பார்த்து இரக்கத்தோடுதான் கேட்டார். "ஏம்மா உடம்பை இப்படிக் கெடுத்துக்கறீங்க? லேசான வேலை எதுவும் பாக்கக் கூடாதா?"

"எம்பொண்ணுக்காவது லேசான வேல கெடைக்கட்டும்னுதான் சாமி இவருகிட்ட சங்கிலியக் குடுத்தன்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்துவிட்டு, அமைதி என்று மேஜையைத் தட்டினார். அப்புறம் உத்தரவு வாசித்தார். விசாரணை முடியும்வரை புகார்தாரர் தலையிலோ தோளிலோ பாரம் சுமக்கக் கூடாது. வேளைக்குச் சாப்பிட வேண்டும். வெயிலில் நிற்கக் கூடாது. மீறினால், குற்றம் சாட்டப்பட்டவர் தம் உடல் பாதுகாப்புக்காக நீதிமன்றத்தை அணுகலாம்.

"கூலி, சாமி?" என்றாள் பூங்காவனம்.

"அது இந்த மனுவின் வரம்புக்குள் வராதும்மா."

மறுநாளிலிருந்து பூங்காவனத்தின் வீட்டு வாசலில் காலையும் மாலையும் கார் நின்றது. தணிகைவேலுவே டிபன் கேரியரோடு இறங்குவார். பொங்கல், வடை, மத்தியானம் சோறு, ஞாயிற்றுக்கிழமை கறி. ஒரு மெத்தை வந்தது. தைலம் வந்தது. அவள் ஒரு வாய் குறைத்துச் சாப்பிட்டால் அவருக்கு வயிறு கிள்ளியது. இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கச் சொல்லிக் கெஞ்சினார். பெற்ற தாய்க்கு அவர் இப்படிச் செய்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

"சங்கிலி?" என்பாள் பூங்காவனம், ஒவ்வொரு வேளையும், இலையை மடிக்கும்போது.

"ஆவணி பொறக்கட்டும்மா. சத்தியமா."

பவித்ரா ஜவுளிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலை முதல் கடை மூடும்வரை நிற்க வேண்டும்; உட்கார்ந்தால் அபராதம். வீங்கிய காலை வெந்நீரில் விட்டுக்கொண்டு அம்மாவின் மெத்தையைப் பார்த்தாள். "நல்லாதாம்மா பாத்துக்கறான் அந்தத் திருடன். சந்தையில மாடு வாங்கனவன் கூட இப்படிப் பாத்துக்க மாட்டான். எங்காலுக்கும் ஒரு தகடு ஒட்டச் சொல்லும்மா."

உடம்பு தேறியதும் தணிகைவேலுவுக்குத் தொழில் ஞாபகம் வந்தது. கடைத்தெருவில் சிமெண்டுக் கடைக்கு மேல் மாடியைப் பிடித்து, 'ஒளிமயம் வேலை வழிகாட்டி மையம்' என்று பலகை மாட்டினார். பிறகு பூங்காவனத்திடம் வந்தார். "வீட்ல தனியா என்னம்மா பண்றீங்க? ஆபீஸ்ல வந்து சும்மா உக்காருங்க. ஃபேன் இருக்கு. சித்தாள் கூலி எவ்ளோவோ அத நானே குடுத்துடறேன்."

கூலி என்றதும் போனாள். சுழலும் நாற்காலி ஒன்று போட்டிருந்தார். உட்கார்ந்தாள். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். டீ வந்தது. எதிரே கண்ணாடி அறைக்குள் தணிகைவேலு வருகிறவர்களிடம் பேசினார். என்ன பேசினார் என்று கேட்காது. நடுநடுவே இவளைக் கையால் காட்டுவார். அவர்கள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். இவளும் மரியாதைக்குத் தலையாட்டுவாள். இதுதான் கவர்மெண்டு வேலைபோல என்று நினைத்துக்கொண்டாள். பவித்ராவுக்கு இது கிடைத்திருந்தால் கால் வீங்காது.

ஒருநாள் ஒருவர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து நேராக அவளிடம் வந்தார். அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். பெயர் தட்சிணாமூர்த்தி என்றார். சொல்லாவிட்டாலும் அவள் கண்டுபிடித்திருப்பாள். பிடரிக்குக் கீழே கொழுக்கட்டை மாதிரி சதை திரண்டு காய்த்திருந்தது. கையில் துண்டில் சுருட்டிய பொட்டலம்.

"நீங்கதான் பூங்காவனம் அம்மாவா? ஒரு வார்த்த உங்க வாயால கேட்டுட்டுக் குடுக்கலாம்னு பாத்தன். எங்க சம்சாரத்து வளையலு. பையன் டிப்ளமா முடிச்சிருக்கான்."

"எங்கிட்ட இன்னா கேக்கணும்?"

"உங்க பொண்ணுக்கு ஆர்டரு கெடச்சி வேலைக்குப் போவுதாம்ல? மொதல்ல அவசரப்பட்டுக் கேசு போட்டீங்களாம். அப்பறம் சாரு மனசப் பாத்துட்டு நீங்களே வந்து கூட உக்காந்துட்டீங்களாம். கேசு போட்டவங்களே கூட இருக்காங்கன்னா சாரு எப்படிப்பட்டவரு பாருங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

பூங்காவனம் கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளேயிருந்து தணிகைவேலு சிரித்தார். தன் கழுத்தைத் தொட்டு, சங்கிலிபோல் விரலால் ஒரு வளையம் போட்டுக் காட்டி, கும்பிட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆவணியில் சங்கிலி வந்துவிடும். இத்தனை நாள் நாற்காலியில் உட்கார்ந்து தான் சாப்பிட்டது எது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"இங்கியே இருண்ணே. வந்துர்றன்" என்று எழுந்தாள்.

கீழே சிமெண்டுக் கடையில் லாரி இறக்கிக்கொண்டிருந்தார்கள். "ஒரு மூட்டயத் தலைல ஏத்து தம்பி" என்றாள். "யக்கா, அம்பது கிலோக்கா" என்றான் லோடுமேன். "எனக்குத் தெரியாதா? ஏத்து."

உட்கார்ந்தே தின்ற உடம்பு. முதல் படியில் முட்டி நடுங்கியது. இரண்டாவதில் பழக்கம் திரும்பி வந்தது. அவள் மாடிக்கு ஏறி வருவதற்குள் கண்ணாடி அறையில் தணிகைவேலு மேஜைமேல் கவிழ்ந்திருந்தார். அவள் வாசலைத் தாண்டும்போது தரைக்கு வந்துவிட்டார். காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

பூங்காவனம் மூட்டையை இறக்காமலே பேசினாள். "நல்லா பாத்துக்கண்ணே. எம்பொண்ணு ஜவுளிக்கடையில நிக்கிது. ஆர்டருன்னு இவுரு குடுத்த காயிதத்துல இருந்த எடத்துல கோழித் தீவனம் விக்கிறான். எம்மேல ஒட்டன தகடு இவுரு மேலயும் இருக்குது. நான் தூக்கனா இவுருக்கு நோவும், அதுக்குத்தான் எனக்கு நாற்காலி, ஃபேனு. நான் வேற வேல ஒண்ணும் பாக்கல இங்க."

"நிறுத்தும்மா... எறக்கும்மா..." என்று தரையிலிருந்து குரல் வந்தது.

"சங்கிலி?"

"ஆவணி..."

அவள் அந்த மூட்டையோடு அறையைச் சுற்றி ஒரு நடை போய்வந்தாள். தட்சிணாமூர்த்தி பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு படியிறங்கினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருவர் மட்டும் நின்று, கட்டிய முன்பணத்தைக் கேட்டார். தணிகைவேலு தரையில் புரண்டுகொண்டிருந்தார்.

அன்று மாலையே பூங்காவனத்தைக் கைது செய்தார்கள். நீதிமன்ற உத்தரவை மீறி, வேண்டுமென்றே கொடுங்காயம் ஏற்படுத்திய குற்றம். ஆயுதம்: சிமெண்டு மூட்டை ஒன்று. அதே ரைட்டர்தான் எழுதினார். இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்து, "என்ன தொழில்?" என்று கேட்டார். "கட்டட வேல" என்றாள். அப்படியே எழுதினார். குற்றவாளி ஆன பிறகு அவளுடைய தொழில் சரியாகப் பதிவானது.

ஜாமீன் மனுக்கள் இரண்டும் ஒரே நாளில் அதே நீதிபதியிடம் வந்தன. தகட்டை இப்படி ஆயுதமாகப் பயன்படுத்தலாம் என்பது நிரூபணமாகிவிட்டதால், தணிகைவேலுவின் உயிருக்கு ஆபத்து என்று ஆராவமுதன் வாதாடினார். ஏற்கப்பட்டது. தகடு எடுக்கப்பட்டது, நிபந்தனையில்லாத ஜாமீன். பூங்காவனத்துக்கு ஜாமீன் கொடுக்கவும் நீதிபதிக்குத் தடையில்லை. திட்டம் எல்லாருக்கும் பொதுதானே. இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் அவள், பாதிக்கப்பட்டவர் தணிகைவேலு. அவர் உடம்பு படுகிற பாட்டை அவள் உணர வேண்டும். நோவு ஜாமீன்.

"அய்யோ, அந்தாளு வலியெல்லாம் உனக்கு வருமேம்மா" என்று ஸ்டேஷன் பெஞ்சில் பவித்ரா அழுதாள்.

"வரட்டும்டி. நானும் பாக்கணும்." பூங்காவனத்துக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம் இருந்தது. இத்தனை குடும்பத்து நகையை வாங்கித் தின்றவனுக்கு உள்ளே எங்கேயாவது, ஒரு மூலையிலாவது, கொஞ்சம் குத்தாமலா இருக்கும்? இனி அது தனக்குத் தெரிந்துவிடும்.

தகட்டை மாற்றி ஒட்டினார்கள்; அனுப்புவது அவருக்கு, வாங்குவது அவளுக்கு. முதலில் முதுகில் குளிர்ச்சி வந்தது. பிறகு வயிறு நிறைந்தது, தொண்டைவரை, நெய் வாசத்தோடு. அவள் கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். கழுத்தில் பார்த்தாள். இடுப்பில் பார்த்தாள். நெஞ்சில் ரொம்ப நேரம் நின்று பார்த்தாள்.

"என்னம்மா பண்ணுது? எங்க வலிக்குது?"

"எங்கியும் நோவுல பவித்ரா" என்றாள் பூங்காவனம். "அந்தாளுக்கு ஒரு எடத்துலயும் நோவுல."

மண்டபத்துக்கு இப்போது இரண்டாவது தளம் போடுகிறார்கள். வேலைக்குத் தடை புகார்தாரருக்குத்தான், குற்றவாளிக்கு இல்லை. அதனால் பூங்காவனம் வேலைக்குத் திரும்பிவிட்டாள். தகடு அவளுடைய நோவை எடுத்துவிடவில்லை. அது அடியில் அப்படியே இருக்கிறது. மேலே இன்னொருவருடைய சுகம், ஓதமேறிய சுவரில் அடித்த பெயிண்ட் மாதிரி. பசித்த வயிற்றில் அடுத்தவன் தின்ற பிரியாணி வந்து நிற்கிறது. கஞ்சி குடிக்கலாமா வேண்டாமா என்று உடம்புக்கே குழப்பம். மத்தியானம் சாரத்தில் ஏறும்போது தணிகைவேலுவின் தூக்கம் வந்து கண்ணை இழுக்கிறது. விழுந்துவிடப் போகிறாள் என்று ஏழுமலை மேஸ்திரி அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டித் தூணில் முடிந்திருக்கிறார்.

"இப்ப இன்னாக்கா பண்றான் அவன்?" என்று கீழேயிருந்து சட்டியை நீட்டியபடி ஒருத்தி கேட்டாள்.

"தூங்கறான்."

"நல்லாவா?"

"நல்லா."

பூங்காவனம் சும்மாட்டைச் சரிசெய்து சட்டியை வாங்கிக்கொண்டாள். ஆவணி பிறந்து, முடிந்தும் போய்விட்டது. தணிகைவேலு அவளுக்கு ஐந்து பவுன் சங்கிலி தர வேண்டும். இன்னும் தரவில்லை.